சொந்த சைக்கிளோடு கேப் டவுனுக்கு

கேள்வி: நானும் என் நண்பனும் வரும் மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஜோடியாக ஓட்டப்போகிறோம். இடம் உறுதியாகிவிட்டது. ‘விமானத்தில் சைக்கிள் உடைந்துவிடும், அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்’ என்கிறார் அப்பா. எது சரி? நண்பன் என்னைவிட வேகமாக ஓட்டுவான். அதுவும் ஒரு கவலை.
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சொந்த சைக்கிளையே கொண்டுபோங்கள், தம்பி. முதல் நாள் சின்னதாக ஒரு முன்சுற்று, அப்புறம் தொடர்ந்து 7 நாள் மலையும் மணலும். பழகாத சீட்டில், பழகாத ஹேண்டில்பாரில் எட்டு நாள் உட்கார்ந்தால் மூன்றாம் நாளே முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும். அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் பெட்டியை ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலான சேதத்தைத் தவிர்த்துவிடலாம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் ஒரு பந்தயத்துக்குப் போய் இறங்கினேன். பெட்டியைத் திறந்து, சைக்கிளைப் பூட்டி, கியரை மாற்றிப் பார்த்தால், சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் டெரெய்லர் ஆரக்கம்பியில் உரசுகிறது. அதைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டுதான் அது. மூன்று கடை ஏறி இறங்கியும் என் சைக்கிளுக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. கடைசிக் கடையில் ஒரு பெரியவர் கண்ணளவிலேயே நிமிர்த்திக் கொடுத்தார். ஏற்றத்துக்குத் தேவையான கடைசி இரண்டு கியர் இல்லாமலேயே பந்தயத்தை முடித்தேன்.

அதனால் டெரெய்லரைக் கழற்றி, துணியில் சுற்றி, பின் ஃபிரேமுக்கு உள்ளேயே கட்டிவிடுங்கள். இரண்டு மாற்று ஹேங்கர் கைவசம் இருக்கட்டும். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். மறந்தால், யாரோ லீவரை அழுத்த, பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். சக்கரம் உள்ளே போகாது. டயர் காற்றை முழுவதும் இறக்காதீர்கள். டியூப்லெஸ் டயர் விளிம்பை விட்டு விலகினால், முள் குத்திய ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலண்ட் வெள்ளைப் பசையாகப் பெட்டி முழுக்க ஒழுகும். பாதி இறக்கினால் போதும். சீட் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி வையுங்கள். இடது பெடல் மரை தலைகீழ், நினைவிருக்கட்டும். கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு முறை முழுசாகக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். இது மட்டும் என் பிடிவாதம்.

பெட்டி விஷயம். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியே பத்துக் கிலோவைத் தாண்டும். 12 கிலோ சைக்கிளை வைத்தால் 23 கிலோவைத் தொட்டுவிடும். சைக்கிள் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி தருவார்கள், எடை குறைவு. சைக்கிள் வருகிறது என்று விமான நிறுவனத்துக்கு முன்பே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். ஹெல்மெட்டும் ஷூவும் கைப்பையில் வரட்டும். பெட்டி தாமதமானால் கடன் சைக்கிளிலாவது பயிற்சி எடுக்கலாம். மின்கியராக இருந்தால் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். காற்றடிக்கும் கேஸ் குப்பிகளை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடும் காகிதம் ஒன்று உண்டு. புறப்படும் விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன், சுங்க அதிகாரியிடம் சைக்கிளையும் பில்லையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண் அதில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்று கேட்டால் அதைக் காட்டலாம். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது துபாய் அல்லது தோஹா வழி பாருங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த வழிதான் என்றால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும்.

இன்னொன்று. அங்கே பாதையோரம் கிடக்கும் முள்ளைப் பார்த்தால் உங்களுக்கு ஊர் நினைவு வரும். நம் நெருஞ்சியேதான், அங்கேயும் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தீராத தலைவலி. சீலண்டைப் புதிதாக ஊற்றிக்கொண்டு போங்கள்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஜோடியில் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. விலகினால் நேர அபராதம். அதனால் அவருடைய வேகத்தால் உங்களுக்குப் பயனில்லை, உங்கள் வேகம்தான் ஜோடியின் வேகம். இப்போதே ஒரு நீண்ட வார இறுதியில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும், மூன்று நாள் அடுத்தடுத்து ஏறிப் பாருங்கள். நீங்கள் முன்னால், அவர் பின்னால். மூன்றாம் நாள் மாலை அவருக்கு எரிச்சல் வருகிறதா, உங்களுக்குக் கூச்சம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அன்றைக்கே, டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.