நுனிக்கால் மட்டும் தரை தொடும் வண்டியை இறக்கலாமா?

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 55 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் வாங்கியிருக்கிறேன். நிறுத்தினால் நுனிக்கால்தான் தரையில் படுகிறது. பேச்சிப்பாறை போகும் வழியில், எதிரே வந்த பேருந்துக்காக ஓரம் ஒதுங்கியபோது வண்டி சரிந்துவிட்டது. பின் ஷாக்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்கை மாற்றி உயரத்தைக் குறைக்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் விழுந்ததற்கு உங்கள் உயரத்தைவிட நிறுத்திய இடமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும்; இடப்பக்கம் ஓட்டுகிற நாம் ஓரத்தில் ஒதுங்கி இடக்காலை இறக்கும்போது, தரை நாம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கீழே கிடக்கும். அது மழையில் ஊறிய செம்மண் ஓரமாக இருந்துவிட்டால் ஆறடி ஆளுக்கும் கால் வழுக்கும். எனவே, தாரின் மேலேயே, கால் வைக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்ற முயலாதீர்கள். ஹேண்டிலை நேராக வைத்து, கடைசி ஓரடியில் முன் பிரேக்கை விட்டுப் பின் பிரேக்கால் மட்டும் வண்டியை நிறுத்தி, இடுப்பைச் சீட்டின் இடப்பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுதாகப் பதியும். வலது கால் பிரேக்கிலேயே இருப்பதால் ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளாது. ஆளில்லாத மைதானத்தில் நாளுக்கு 20 முறை வீதம் இதைப் பழகுங்கள். அப்படியும் 196 கிலோ வண்டி ஓர் அளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். வளைந்த லீவரை மாற்றிக்கொள்ளலாம், முதுகை மாற்ற முடியாது.

அடுத்தது சீட். இதன் உயரம் 825 மில்லிமீட்டர். 845-க்கு உயர்த்தும் வசதியும் உண்டு என்பதால், உங்கள் சீட் எந்த நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நிறுவனமே விற்கும் தாழ்வான சீட்டைப் போட்டால் 805-க்கு வரும். தொடை படும் முன்பகுதியின் இருபக்கப் பஞ்சையும் சீட் கடையில் கொஞ்சம் செதுக்கினால், கால் அகலாமல் நேராக இறங்கும். உங்கள் எடைக்குப் பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கடைசிப் படிவரை தளர்த்தலாம். நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி இன்னும் சற்று அமிழும். பின்னால் ஆள் ஏறும்போது மறக்காமல் அதைத் திரும்ப இறுக்கிவிடுங்கள்.

லிங்கை மாற்றிப் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், 230 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் குறையும். பலரும் கவனிக்காதது சைடு ஸ்டாண்ட்: வண்டி தாழ்ந்ததும் ஸ்டாண்ட் நீளமாகிப்போவதால், வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும்; லேசான சரிவிலும் மறுபக்கம் விழுந்துவிடும். ஒரு மாதம் பழகிய பிறகும் இறக்கியே ஆகவேண்டும் என்று தோன்றினால், முன் ஃபோர்க்கையும் சேர்த்து இறக்கி, அதற்கேற்பச் சைடு ஸ்டாண்டையும் வெட்டித் தரும் பட்டறையிடம் மட்டும் கொடுங்கள்.