மார்க் வந்த பாடமும் பிடித்த பாடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். இப்போது பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப். எனக்கு மிகவும் பிடித்த பாடம் பயாலஜி, அதிலும் பாட்டனி. அரையாண்டில் அதில்தான் 94 வாங்கினேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார் அண்ணன். டீச்சர் நீட் எழுதச் சொல்கிறார். பி.எஸ்சி. பாட்டனி சேரலாமா? மதுரையில் எந்தக் காலேஜ் பெஸ்ட்? சென்னையில் படித்தால்தான் மதிப்பா? வேலை கிடைக்குமா?

பின்குறிப்பு: எங்களுக்கு அரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. போன கோடை லீவில் பூப்பறிக்கும்போது ஊதாவாகிப்போன மொட்டுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே கருந்தலையோடு ஒரு பச்சைப் புழு. மொட்டுகளை நூலால் பின்னிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. எந்த வரிசையில் அதிகம் என்று தினமும் நோட்டில் எழுதி வைத்தேன். மருந்தடிக்க அப்பாவுக்கு உதவியாக இருந்தது. சும்மா சொன்னேன்.

வா.

அன்புள்ள வா.,

மகள் வயதுப் பெண் நீ, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷம் வந்தது, அப்புறம் கோபம். அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகத்தான் கோபம். விடியாத இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்கிற பெண், கெட்டுப்போன மொட்டைத் தூக்கி எறியாமல் கிள்ளிப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லாமலே நோட்டுப் போட்டு வரிசை வரிசையாக எழுதியிருக்கிறாள். அதைப் பின்குறிப்பில் போட்டுவிட்டு ‘சும்மா சொன்னேன்’ என்கிறாள். 94 மட்டும் கடிதத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. யார் உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பிடித்த பாடம் எது என்று கேட்பேன். உடனே ஒரு பெயர் வரும். ஏன் பிடிக்கும் என்று கேட்டால், ‘அதில்தான் மார்க் வருது’ என்பார்கள். இல்லாவிட்டால் அந்த சார் திட்ட மாட்டார் என்பார்கள். மார்க் வருவது ஒரு திறமை, நல்ல திறமை. ஆனால் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடத்தை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

நான் படித்த பள்ளியில் லேப் இருந்தது. வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். வெங்காயத் தோலின் படத்தை மூத்த அக்காமார்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்து, பாகம் குறித்து, கையெழுத்து வாங்கினோம். கண்ணால் பார்த்தது மதுரைக் கல்லூரியில் ஜுவாலஜி சேர்ந்த பிறகுதான். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டு, குமிழி விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். சிவப்புக் கோடு போட்ட கட்டங்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. எத்தனையோ தடவை வரைந்த படம்தான். அன்றைக்குத்தான் அது உண்மையாயிற்று. என் வகுப்பில் இரண்டு பேரை மறக்கவே முடியாது. ஒருத்தி பள்ளியில் பயாலஜியில் நூற்றுக்கு நூறு. கரப்பானின் வாய் உறுப்புகளைப் பிரித்து ஸ்லைடில் வைக்கச் சொன்ன அன்று அழுதுவிட்டாள். மூன்று வருடமும் லேப் நாளென்றால் அவளுக்குக் காய்ச்சல். இன்னொருத்தி சுமாரான மார்க்கில் வந்தவள். பெல் அடித்த பிறகும் லேப்பை விட்டுப் போக மாட்டாள், அட்டெண்டர் விரட்ட வேண்டும். இரண்டு பேருமே சேரும்போது சொன்னது ஒன்றுதான்: ‘பயாலஜி பிடிக்கும்.’

அதனால் உன்னிடம் கேட்கிறேன். பாட்டனியில் உனக்குப் பிடித்தது எது? மல்லிகைச் செடியா, அதைத் தின்கிற புழுவா? நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குப் புழு என்றுதான் தோன்றுகிறது. புழு, அது வரும் பருவம், பரவும் விதம், மருந்து, அப்பாவின் செலவு. இதற்குப் பூச்சியியல் என்று தனித் துறையே இருக்கிறது. பி.எஸ்சி. அக்ரி என்கிற வேளாண் படிப்பில் அது முக்கியமான பாடம். கூடவே மண், பயிர் நோய், தோட்டக்கலை, வேளாண் பொருளாதாரம் எல்லாம் வரும். நான்காம் வருடம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும். பி.எஸ்சி. பாட்டனி வேறு வழி. பாசி, பூஞ்சை, பெரணி என்று தொடங்கி, தாவரக் குடும்பங்கள், உள்ளமைப்பு, மரபியல் என்று போகும். அதுவும் அருமையான படிப்புதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடிதத்தைப் பார்த்தால் அக்ரி என்று ஒரு படிப்பு இருப்பதையே உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கல்லூரிகளின் வலைத்தளத்தில் பாடத்திட்டம் பி.டி.எஃப்.ஆக இருக்கும். எந்த செமஸ்டரில் என்ன பேப்பர், எத்தனை மணி நேரம் லேப், எல்லாம் அதில் உண்டு. அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சேர்ந்த பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெற்றோரைச் சொல்லவே வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். மூன்று நான்கு வருடப் படிப்பை மட்டும் பெயரைக் கேட்டே வாங்கி வருகிறோம். பேப்பர் பெயர்களை ஒரு நோட்டில் எழுது. எதைப் பார்த்ததும் ‘இதில் என்ன இருக்கும்’ என்று தோன்றுகிறதோ அதன் பக்கத்தில் டிக் போடு. பாதிக்கு மேல் டிக் விழாத படிப்பில் சேராதே. உன் புழு நோட்டைப் போலவே இதற்கும் தேதி போட்டு எழுது.

உன் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். எந்தக் காலேஜ் பெஸ்ட் என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. அமெரிக்கன் கல்லூரி 1881இலும் மதுரைக் கல்லூரி 1889இலும் தொடங்கியவை. பெண்களுக்கென்று லேடி டோக் 1948இல் வந்தது. பழைய பெயர்கள்தான். ஆனால் நீ சேரப் போகிற துறையின் லேப் திறந்திருக்கிறதா என்று அந்த வருடங்கள் சொல்லாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும். சென்னை மதிப்பு என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு. நீட் உன் டீச்சரின் ஆசை. அண்ணன் சொல்லும் கம்ப்யூட்டர் படிப்பில் ஒரு தப்பும் இல்லை. அதன் பாடத்திட்டத்தையும் இதே மாதிரி படித்துவிட்டு அவரோடு பேசு.

வேலை பற்றிக் கேட்டது நியாயம். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் நாலு வருடம் கழித்து எந்தப் படிப்புக்கு வேலை இருக்கும் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதே.

இதை மட்டும் கவனமாகக் கேள். மதுரையை அடுத்த ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில், 1965இல் தொடங்கிய அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அதில் சேர நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சிலிங் நடக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் வேளாண் படிப்புக்கும் உண்டு. நீ அதற்குள் வருகிறாய். உன் டீச்சரிடம் கேட்டு, தேவையான சான்றிதழ்களை இப்போதே எடுத்து வை. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வரும்வரை காத்திருந்து கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நிற்காதே.

பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்ததும் ஒரு வேலை நாளில் அங்கே போ. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒத்தக்கடைக்கு டவுன் பஸ் உண்டு, சாதாரணக் கட்டண பஸ்ஸில் ஏறினால் பெண் என்பதால் உனக்குக் காசு கூடக் கிடையாது. வாசலில் விவரம் சொல்லி, பூச்சியியல் துறை எங்கே என்று கேள். அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. மொட்டுப்புழுவுக்கு எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று அவருக்கும் கேட்க வேண்டியது இருக்கும்.

அன்புடன்