கடற்காற்றுக்கு ஏற்ற டெக் பலகையும் கைப்பிடியும்: கேள்வி பதில்

அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கடலோரம் வீடு. வெளியே போட்ட பழைய மரப் பலகைத் தளம், அதுதான் டெக், உக்கிவிட்டது. கொம்போசிட் போட்டால் மரமா, பிளாஸ்டிக்கா?

இரண்டும்தான். மரத்தூளையும் பொலித்தீன் போன்ற பிளாஸ்டிக்கையும் சூட்டில் பிசைந்து அச்சில் தள்ளி எடுப்பது. வார்னிஷ் தேவையில்லை, கறையானுக்கும் பிடிக்காது. ஆனால் உள்ளே மரத்தூள் இருக்கிறதே, கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். கார்த்திகை, மார்கழியில் நம் திருகோணமலைப் பக்கம் நாள்கணக்கில் ஈரம். பிளாஸ்டிக் தோல் போர்த்தாத பலகையில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக வந்துவிடும். போர்த்தியதையே எடுங்கள். நிலத்தோடு ஒட்டிய டெக் என்றால் அடிப்பக்கமும் போர்த்தியிருக்க வேண்டும்.

நிலாவெளி அக்கா: கடும் காப்பி நிறம் எடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. கச்சான் காலத்து நடுப்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. வெளிர் சாம்பலும் சுடும், கொஞ்சம் குறைவாக.

உப்புவெளி: எங்கள் ஓடாவி பலகைகளை இறுக்கி அடிக்கலாம் என்கிறார்.

அவர் மரத்தில் கை பழகியவர். மரம் ஈரத்துக்கு அகலத்தில் ஊதும். கொம்போசிட் சூட்டுக்கு நீளத்தில் வளரும். 12 அடிப் பலகை காலைக்கும் மதியத்துக்கும் இடையில் சில மில்லிமீற்றர் நீளும். முனைகளை முட்டவிட்டால் தூக்கிக்கொண்டு நிற்கும். முனைக்கு எவ்வளவு இடைவெளி என்பது பலகையோடு வரும் தாளில் இருக்கும், அதை அவர் கையில் கொடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் 5, 6 மில்லிமீற்றர். பலகையைத் தாங்கும் கீழ்ச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று, பலகை மூலைவாட்டில் போனால் 12. தள்ளி வைத்தால் நடுவில் தொய்யும்.

திருக்கடலூர்: கைப்பிடிக்கு எவர்சில்வர் பைப் போதும்தானே? கடையில் காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை.

காந்தம் இங்கே உதவாது தம்பி. எவர்சில்வரில் 304, 316 என்று ரகங்கள் உண்டு, இரண்டிலுமே அது அநேகமாக ஒட்டாது. கடலோரத்துக்கு 316தான், அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304இல் தேத்தண்ணி நிறத்தில் கறை ஏறும். 316ஐயும் நல்ல தண்ணீரில் இடைக்கிடை கழுவ வேண்டும். ஸ்குரூவுக்கும் இதே கணக்கு. நான் முதல் டெக்கில் சாதாரண ஸ்குரூ போட்டு, இரண்டு வாடைக்குள் பலகை முழுக்கக் கறள் வழிந்தது. பலகைக்குக் கொட்டிய காசு வீண்.

கைப்பிடிக்குக் கொம்போசிட் தூண் என்று விற்பது வெறும் உறை. உள்ளே உலோகத் தூண் நின்று, அது சட்டத்தோடு போல்ட்டில் இறுகியிருக்க வேண்டும். கைப்பிடியின் உயரம் 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மேல்மாடியில் 42 வையுங்கள். கம்பிகளுக்கிடையில் 4 அங்குலத்துக்கு மேல் விட்டால் குழந்தையின் தலை உள்ளே நுழைந்துவிடும்.

சாம்பல்தீவு: கீழ்ச்சட்டத்தையும் கொம்போசிட்டிலேயே போடலாமா?

கூடாது, பாரத்துக்கு வளையும். உருக்கிய நாகக் குழம்பில், அதாவது துத்தநாகத்தில், முக்கியெடுத்த இரும்பு போடுங்கள். வெல்டிங் அடித்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். அங்கே நாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், அடித்து முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.