கேம் சீசனில் எதை வாங்க, எதை விட?

கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்: செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை பெரிய கேம்களாக வந்து குவிகின்றன. கையில் 5,000 ரூபாய்தான். கணினியில் விளையாடுகிறேன். எதை முதலில் வாங்கலாம்?

எது நல்ல கேம் என்பதை விட, எது உங்களுக்காகக் காத்திருக்காது என்று பாருங்கள். நண்பர்களோடு ஆடும் ஆன்லைன் கேமில் வெளியான மாதம்தான் கூட்டம். ஆறு மாதம் கழித்துப் போனால், நீங்கள் மட்டும் கத்துக்குட்டியாக நிற்பீர்கள். ஸ்டோரி கேம் எங்கும் ஓடிப்போகாது. விலையும் இறங்கும், பேட்ச் (திருத்த அப்டேட்) வந்து கோளாறுகளும் தீரும். சைபர்பங்க் 2077 நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10-ல் வந்தது. பிஎஸ்4-ல் (பிளேஸ்டேஷன் 4) திணறிய திணறலில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. முண்டியடித்து வாங்கியவர்கள் முழு விலை கொடுத்து அரைகுறை கேமைத்தான் ஆடினார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 ஆகஸ்ட் 3-ல் கணினிக்கு வந்தது. கதையை மட்டும் முடிக்கவே 60 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தினம் ஒன்றரை மணி நேரம் ஆடினால் 40 நாளாவது ஆகும். அதற்குள், செப்டம்பர் 6-ல் ஸ்டார்ஃபீல்ட் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வாங்கியவர் இரண்டாவதைத் திறக்காமலே அதற்கு முழு விலை கொடுத்திருப்பார். செமஸ்டர் தேர்வு நாட்களைக் கழித்துவிட்டு, பொங்கல் வரை உங்களுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு கேமை முழு விலைக்கு வாங்குங்கள். மற்றவற்றை ஸ்டீம் (கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடை) விஷ்லிஸ்ட்டில் போட்டு வையுங்கள். டிசம்பர் பிற்பாதியில் குளிர்காலத் தள்ளுபடி வரும்போது மெயில் வந்துவிடும்.

வேலைக்குப் போகிறவர், முதலியார்பேட்டை: பிரீ-ஆர்டர் (வெளியாகும் முன்பே வாங்குவது) செய்தால் ஏதாவது லாபம் உண்டா?

டவுன்லோட் கேமுக்கு ஸ்டாக் தீர்ந்துபோவது என்பதே கிடையாது. ஒரு உடை, ஒரு துப்பாக்கி, சில நாள் முன்னதாக ஆடலாம் என்ற சலுகை, பெரும்பாலும் இவ்வளவுதான் லாபம். வெளியான அன்று மாலை விமர்சனங்களைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். ஆனால் அந்த 2 மணி நேரம் கரைவது தெரியாது. முதல் முறை திறக்கும்போது ஷேடர் (காட்சிகளை வரையும் நிரல்) தயாராகும் நேரம், ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரம், வெளியீட்டுக்கு முன்னதாக ஆடிய நேரம் எல்லாம் கணக்கில் சேரும். அதனால் கேரக்டரின் மூக்கைச் செதுக்கிக்கொண்டு உட்காராதீர்கள். செட்டிங்ஸை உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ப வைத்து, பரந்த வெளியோ கூட்டமான ஊரோ வரும் இடம் வரை விரட்டிப் போங்கள். ஆரம்பக் குகையில் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் ஊருக்குள் நுழைந்ததும் திக்கும். 90 நிமிடத்தில் முடிவெடுத்துவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இந்தத் தாராளம் இல்லை. டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழியப் பணம் வராது. ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

இல்லத்தரசி, லாஸ்பேட்டை: பையனுக்குத் தீபாவளிக்கு பிஎஸ்5 கேம் வாங்க வேண்டும். டிஸ்க் நல்லதா, டவுன்லோடா?

முதலில் உங்கள் வீட்டு பிஎஸ்5-ல் டிஸ்க் போடும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. டிஜிட்டல் எடிஷனில் இருக்காது. இருந்தால் டிஸ்க்கே நல்லது. 4,999 ரூபாய் கேமை முடித்தவுடன் விற்றால் கணிசமான பணம் திரும்பும். தாமதிக்கத் தாமதிக்க விலை இறங்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் உள்ளே இருக்கும் போனஸ் கோட் (கூடுதல் பொருட்களுக்கான ரகசிய எண்) முன்பே பயன்பட்டிருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டிஸ்க் இருந்தால் இன்டர்நெட் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். 2022-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-ன் பிஎஸ்5 டிஸ்க்கில் 100 எம்பி கூட இல்லை, மீதி முழுக்க டவுன்லோட்தான். பெட்டியின் மூலையில் 12, 16, 18 என்று எண் இருந்தால் அது வயது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

வாசகர், நெல்லிக்குப்பம்: 40 எம்பிபிஎஸ் லைன், மழைக்காலத்தில் கரண்ட் கட். சமாளிக்க முடியுமா?

150 ஜிபி கேமுக்கு முழு வேகம் கிடைத்தாலே 8 மணி 20 நிமிடம் ஆகும். பிரீலோட் (வெளியாகும் முன்பே டவுன்லோட் செய்யும் வசதி) இருந்தால் முந்தின இரவே போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்து சேவ் ஆகும் நொடியில் அணைவதுதான். சேவ் ஃபைல் கெட்டுப்போகலாம். நம் கடலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கேம் சீசனும் ஒரே நேரத்தில் வருவதால், புதுக் கேமுக்கு முன் யூபிஎஸ் வாங்குங்கள். சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் போதும். உங்கள் கணினியில் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் கேமின் தேவைப் பட்டியலையும் பாருங்கள். ஸ்டார்ஃபீல்ட் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு) கட்டாயம் என்கிறது.

பள்ளி மாணவர், புதுப்பாளையம்: ஜிடிஏ 6-க்கு (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) இப்போதே காசு சேர்க்கலாமா?

வெளியீடு முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அப்புறம் அதே ஆண்டு நவம்பர் 19. சேர்த்து வையுங்கள் தம்பி, கட்டிவிடாதீர்கள். அறிவித்தது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். வீட்டில் இருப்பது கணினி என்றால் அந்தக் காசில் இப்போதைக்கு வேறு கேம் வாங்கலாம்.