தோட்டத்துக்கு ஃபோர் வீல் வண்டி: டீசலா, பெட்ரோலா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. குடியிருப்பது மதுரையில். வாரம் ஒருமுறை வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போய் வருவேன். போகவர சுமார் 200 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை, ஐப்பசியில் முழுக்கச் சேறு. மற்ற நாள்களில் வண்டி பெரும்பாலும் வீட்டில்தான் நிற்கும். மஹிந்திரா தார் ஃபோர் வீல் என்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனர் “மலைக்கும் சேற்றுக்கும் டீசல்தான்” என்கிறார். மகனோ “இப்போதைய டீசலில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், பேசாமல் பெட்ரோல் வாங்குங்கள்” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– மதுரை வாசகர்

பதில்: டீசலே வாங்குங்கள். ஆனால் மைத்துனர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அவர் சொல்வது பழைய ஜீப் காலத்துக் கணக்கு. அப்போது டீசல் இழுக்கும், பெட்ரோல் திணறும். 2020-இல் வந்த புதிய தாரில் நிலைமை வேறு. 2.2 லிட்டர் டீசலுக்கு 130 குதிரைத்திறன், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய 2.0 லிட்டர் பெட்ரோலுக்கு 150. இழுவிசை டீசலில் 300 நியூட்டன் மீட்டர். பெட்ரோலிலும் அதே 300, ஆட்டோமேட்டிக் எடுத்தால் 320. சேற்றில் வண்டியை வெளியே கொண்டுவருவது எரிபொருள் அல்ல, நான்கு சக்கரத்துக்கும் போகும் சக்தியும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும், நல்ல டயரும்தான். உங்கள் நான்கு கிலோமீட்டரை இரண்டு வண்டியும் ஏறிவிடும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? சேற்றுக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலையை வைத்துத்தான்.

முதலில் பணம். கணக்குக்காக பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். மலையும் சமவெளியும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் தார் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படலாம். டீசல் 12 தரும். கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 11.20, டீசலில் 7.70. மூன்றரை ரூபாய் மிச்சம். கடைவீதி ஓட்டத்தையும் சேர்த்து மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 3,500 ரூபாய். இரண்டுக்கும் ஷோரூம் விலையில் ஒரு லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை ஆயுள் வரி 18 சதவீதம் என்பதால் அந்த ஒரு லட்சம் கையில் 1.18 லட்சமாக வந்து விழும். மூன்று வருடத்துக்குள் அது திரும்பிவிடும். டீலரிடம் இரண்டு எஞ்சினுக்கும் ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்கி, இதே கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனி மகன் சொல்லும் ஃபில்டர். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசலைச் செலுத்தி, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அதை எரித்துவிடும். இதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, கால் மணி நேரம், இருபது நிமிடம் சீராக ஓட வேண்டும். வாடிப்பட்டி வரைக்குமான நான்குவழிச் சாலை ஒன்றே உங்களுக்குப் போதும். வாரம் இரண்டு தடவை அந்த ஓட்டம் கிடைக்கிற வண்டிக்கு டிபிஎஃப் தொல்லை அநேகமாக வராது.

வருவது யாருக்கு என்றால், என் நண்பர் மாதிரி ஆளுக்கு. வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு. ஐந்து மாதத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. “அது சும்மா எரியும்” என்று அதன் மேல் சாமி படம் ஒட்டாத குறையாக ஓட்டினார். ஒருநாள் வண்டி நாற்பதைத் தாண்ட மறுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரித்தார்கள். அப்போது மெக்கானிக் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. கரியை எரிக்கச் செலுத்தும் டீசல், வேலை பாதியில் நின்றுபோனால் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம். டீசல் வண்டியில் ஆயில் கூடினாலும் பதற வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தோட்டத்தில் போய் நின்றதும் ஃபேன் பெரிதாக ஓடி, கரிந்த வாடை வந்தால் கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காய்ந்த புல் மேலோ சருகு மேலோ அந்த நேரத்தில் நிறுத்தாதீர்கள். மாசி, பங்குனியில் அங்கே ஒரு பொறி போதும்.

இரண்டு, கேன் டீசல். தோட்டத்தில் பம்ப்செட்டுக்கோ பவர் டில்லருக்கோ வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றும் பழக்கம் மலையில் எல்லோருக்கும் உண்டு. பழைய டீசல் எஞ்சின் எதையும் குடித்துச் செரித்துவிடும். இப்போதைய எஞ்சினில் டீசலை உயர் அழுத்தத்தில் அனுப்பும் காமன் ரெயில் பம்பும், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் அப்படியல்ல, தண்ணீரும் தூசியும் அவற்றுக்கு விஷம். இன்ஜெக்டர் செட்டுக்கு பில் வந்தால் நீங்கள் மூன்று வருடம் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும். டீசல் பெட்ரோல் பங்கிலிருந்து நேராக டேங்குக்குப் போகட்டும். 57 லிட்டர் டேங்க். ஒருமுறை நிரப்பினால் இரண்டு வாரம் தாராளமாக வரும்.

ஓடையைக் கடக்கும்போது டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை என்ற தைரியமும் வேண்டாம். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் டீசலுக்குத்தான் அடி பலமாக விழும். அமுக்கம் அதிகம் என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கம்பெனி சொல்லும் தண்ணீர் அளவு 650 மில்லிமீட்டர். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் போனால் திரும்பிவிடலாம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று குன்னூரில் இருக்கிறோம். தினமும் மார்க்கெட்டுக்கு மூன்று கிலோமீட்டர். வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து, மழையில் வழுக்கும். டீசல் தார் வாங்கலாமா?
– குன்னூர் வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. மூன்று கிலோமீட்டரில், அதுவும் அந்தக் குளிரில், டீசல் எஞ்சின் சூடாவதற்குள் நீங்கள் காய்கறி வாங்கி முடித்திருப்பீர்கள். மேலே சொன்ன நண்பரின் கதைதான் உங்களுக்கும் நடக்கும். உங்களுக்குப் பெட்ரோல்தான் சரி.

மாருதி ஜிம்னியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த மாடல் எடுத்தாலும் ஃபோர் வீலும் லோ கியரும் உண்டு. தாரைவிட ஒல்லி, மலையூர்ச் சந்துகளில் எதிரே வண்டி வரும்போது அந்த அருமை தெரியும். ஒரு குறை: அதில் டர்போ கிடையாது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். 105 குதிரையில் நல்ல பங்கு அங்கே படுத்துவிடும். நான்கு பேரும் சாமான்களுமாக ஏற்றம் ஏறும்போது முதல் கியரிலேயே போக வேண்டியிருக்கலாம். தினசரி மார்க்கெட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. அதனால் டெஸ்ட் டிரைவ் கீழே கோவையில் வேண்டாம். உங்கள் வீட்டு ஏற்றத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தார் 1.5 டீசல் விலை மிகக் குறைவாக இருக்கிறதே! டீசலும் ஆயிற்று, தாரும் ஆயிற்று. கொல்லிமலை தோட்டத்துக்கு இதையே எடுத்துவிடலாமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: விலை குறைவதற்குப் பெரிய காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,500 சிசிக்குள் டீசல் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 2.2 லிட்டர் அந்த வரம்பைத் தாண்டுவதால் 40. அதுவரை நல்ல செய்திதான். ஆனால் 1.5 டீசல் பின்சக்கர இழுவையில் மட்டுமே வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அது ஜோராக ஏறும். தார்ச்சாலை முடிந்து ஈரக் களிமண் தொடங்கும் இடத்தில் உங்கள் பக்கத்து வீட்டு கார் எங்கே நிற்குமோ, இதுவும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். தோட்டம் வரை சிமென்ட் பாதை இருந்தால் தாராளமாக எடுங்கள்.

விற்பனையாளர் என்ன சொன்னாலும் உள்ளே உட்கார்ந்து கியர் லிவருக்குப் பக்கத்தில் பாருங்கள். ஃபோர் வீல் தாரில் அங்கே ஃபோர் வீலுக்கும் லோ கியருக்கும் மாற்ற இரண்டாவதாக ஒரு குட்டி லிவர் இருக்கும். 1.5-இல் அந்த இடத்தில் சில்லறை போட்டு வைக்க ஒரு குழிதான் இருக்கிறது.