தாய் பேட்டுக்கோழி, குஞ்சுகள் தாரா: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: எங்கட அடைக்கோழிக்குக் கீழ ஏழு தாரா முட்டை வைச்சம். ஐஞ்சு பொரிச்சு, ஐஞ்சும் தப்பி நிக்குது. இப்ப ஐஞ்சு கிழமை. தாயையும் குஞ்சுகளையும் தனிக் கூட்டில விட்டிருக்கிறம். தாய் இப்ப குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்குது. வளவில ஆறு பேடு, ஒரு சேவல், ஒரு சோடி கினிக்கோழி நிக்குது. எப்ப சேர்த்து விடுறது? தீன் கடையில முட்டைக்கோழி மாஸ் எல்லாத்துக்கும் காணும் எண்டினம். சந்தையில ஒருத்தர் பெரிய தாரா ஒரு சோடி தாறன், குஞ்சுகள் அதோட ஒட்டிப் பழகும் எண்டுறார். வாங்கலாமோ?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுகிறேன். அந்தச் சோடியை வாங்காதீர்கள். உங்கள் குஞ்சுகளுக்கு ஒரு தாய் இருக்கிறது. வளவுக் கோழிகளோடு அவற்றைச் சேர்த்துவைக்கிற வேலையை அது சும்மாவே செய்யும், நீங்கள் காசு கொடுத்து ஆள் பிடிக்கத் தேவையில்லை. வெளியில் இருந்து வருகிற தாரா நோயை உள்ளே கொண்டுவரக்கூடும். ராணிக்கெட் நோய்க் கிருமியைத் தாரா எந்த அறிகுறியும் இல்லாமல் காவும். தாரா தெம்பாக நிற்கும், நாலாம் நாள் கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். எப்போதாவது கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று கிழமை வளவின் மற்ற மூலையில், வேறு வாளி, வேறு சட்டி வைத்துப் பராமரித்த பிறகே சேருங்கள். உங்கள் கோழிகளுக்கு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று இப்போதே பாருங்கள். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்தது எப்போது என்று சொல்வார்கள்.

இனிச் சேர்க்கிற விஷயம். தாய் முற்றாக விலகுவதற்கு முதல், இந்தக் கிழமையே தொடங்குங்கள். குஞ்சுகளுக்குப் பக்கத்தில் தாய் நிற்கும்வரை மற்றப் பேடுகள் கிட்ட வரப் பயப்படும். தாய் விலகிய பிறகு விட்டால் ஐந்தும் அந்நியர்கள், கினிக்கோழிகள் வளவைச் சுற்றிக் கலைக்கும். முதல் ஒரு கிழமை, பத்து நாள் கம்பி வலைக்கு அங்கால் இங்கால் விடுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், கொத்த முடியாமல் இருக்கட்டும். இதற்குப் புது வலை வாங்கத் தேவையில்லை, பழைய வலைத் துண்டும் நாலு தடியும் காணும். கண் மட்டும் சின்னதாக இருக்க வேண்டும், கீரி தலையை நுழைக்காத அளவு. பிறகு பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் ஒன்றாக விட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். தீனை ஒரு இடத்தில் வைக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு சட்டியில் துரத்தினால் குஞ்சு அடுத்ததற்கு ஓடும். இரண்டு மூன்று கொத்து விழத்தான் செய்யும், இரத்தம் கண்டால் மட்டும் பிரியுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இரவை. எங்கள் வீட்டில் நான் கண்ணால் கண்டது: மாலை கருகிற நேரம் தாய்க்கோழி பழைய பழக்கத்தில் மாமரத்தின் தாழ்ந்த கொப்புக்குத் தாவிவிட்டது. கீழே தாராக்குஞ்சு நாலும் கழுத்தை நீட்டி, அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டு நின்றன. சாதாரணத் தாரா கொப்பில் ஏறாது, நிலத்தில்தான் படுக்கும். அந்த நிலையில் விட்டால் விடியும்போது மரநாயோ நாயோ மிச்சம் வைக்காது. ஆகவே ஒவ்வொரு மாலையும் நீங்களே ஓட்டிக்கொண்டுபோய்க் கூட்டில் அடையுங்கள், ஒரு கிழமையில் தாமாகவே போகப் பழகிவிடும். கோழிகள் குந்துகிற தடிக்கு நேர் கீழே தாராவைப் படுக்க விடாதீர்கள், இரவு முழுக்க எச்சம் மேலே விழும். உமியைத் தடிப்பாகப் போட்டு, நனைந்ததை அன்றன்றைக்கே அள்ளுங்கள். தாரா தண்ணீரைச் சிந்தி ஈரமாக்கும், ஈரத்தில் கோழிக்கு இரத்தக் கழிச்சல் வரும்.

தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பெரிய செலவில்லை. மூக்குத் துளை தாழும் அளவு ஆழமான பிளாஸ்டிக் பேசன் ஒன்று போதும், தாரா அதில்தான் கண்ணையும் மூக்கையும் கழுவும். தீனுக்குப் பக்கத்திலேயே அதை வையுங்கள், உலர்ந்த மாஸ் தொண்டையில் அடைக்கும். நீந்தத் தொட்டி கட்ட இப்போது அவசரப்படாதீர்கள். தாராத் தாய் தன் இறகெண்ணெயைக் குஞ்சில் பூசிவிடும், கோழிக்கு அந்த வசதி இல்லை. முழு இறகு வரும்வரை நீரில் நெடுநேரம் விட்டால் நனைந்து விறைத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசம்.

தீன்தான் நீங்கள் உண்மையில் காசு செலவழிக்க வேண்டிய இடம். கடைக்காரர் சொன்ன முட்டைக்கோழி மாஸ் குஞ்சுக்குக் கூடாது. அதில் கல்சியம் மூன்றரை, நாலு வீதம் இருக்கும், வளரும் குஞ்சுக்கு ஒரு வீதமளவே போதும். மிச்சக் கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத்தீன் அல்லது வளர்தீன் வாங்கி எல்லாருக்கும் அதையே போடுங்கள், முட்டையிடும் பேடுகளுக்கு நொறுக்கிய சிப்பியைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டியது வேண்டிய அளவு கொத்தும். ‘மருந்து கலந்தது’ என்று பையில் இருந்தால் மருந்து கலக்காததைக் கேளுங்கள். கோழி தின்னும் அளவுக்கு அளந்து போட்ட மருந்து அது, தாரா அதைவிடக் கூடத் தின்னும்.

தாராவுக்கு நியாசின் என்ற விற்றமின் கோழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். குறைந்தால் கால் வளையும், நொண்டும், பிறகு எழும்பாமல் இருந்துவிடும். கால் வளையத் தொடங்கினால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் பீ கொம்பிளெக்ஸ் கேளுங்கள், தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். பாண் செய்கிற ஈஸ்ட்டை வாங்கித் தீனில் கலக்கச் சொல்வார்கள். கலக்காதீர்கள், அது உயிருள்ளது, வயிற்றில் புளித்துப் பொங்கும்.

இதை எழுதும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஒரு மாரியில் சில்லறையாகக் கட்டித் தந்த புண்ணாக்கை மலிவென்று வாங்கிக் கஞ்சியோடு கலந்து வைத்தேன். இலேசாக மக்கல் மணம் இருந்தது, மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். கோழிகள் ஒன்றும் ஆகாமல் திரிந்தன, ஆறு தாராக்குஞ்சில் நாலு மூன்றே நாளில் போய்விட்டது. பூஞ்சணம் உண்டாக்கும் அப்ளாரொக்சின் நஞ்சைத் தாங்குவதில் தாராக்குஞ்சு கோழியைவிட எவ்வளவோ பலவீனம். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளும், கூடவே தாராக்குஞ்சுகளும், பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கால் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். அதனால் தைத்து மூடிய பையையே வாங்குங்கள். திகதி பாருங்கள். கடையிலேயே ஒரு பிடி அள்ளி மணந்து பாருங்கள், கட்டிபட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் தரவேண்டியது கடைக்காரரின் கடமை. காலாவதியான தீனை விற்றுவிட்டு மாற்றித்தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கையில் சீட்டு இல்லாமல் முறையிட்டால் உங்கள் சொல்லுக்கு ஆதாரம் இருக்காது.

ஐந்தில் எத்தனை ஆண் என்று இப்போதே காது கொடுத்துக் கேளுங்கள். உரத்துக் ‘குவாக்’ என்பது பெட்டை, தொண்டை கட்டினதுபோல் அடங்கிய சத்தம் ஆண். வால் மேல் சுருண்ட இறகு பிறகு வரும். பெட்டை நாலைந்துக்கு ஒரு ஆண் போதும். மிச்ச ஆண்களை வைத்திருந்தால் அவை பேடுகளை மிதிக்கப் போகும். கோழியோடு வளர்ந்த ஆணுக்கு அந்தப் பழக்கம் இன்னும் கூடும். ஆண் தாராவின் உறுப்புக் கோழிக்குப் பொருந்தாது, பேடு உள்ளே காயப்பட்டுச் செத்துப்போகும். அதனால் மிச்ச ஆண்களை விற்றுவிடுங்கள், அல்லது தனியாக அடையுங்கள்.

கேள்வி: அடை வைக்கவென்று பன்னிரண்டு தாரா முட்டை வாங்கினேன். 24ஆம் நாள் கோழி எழும்பிவிட்டது, உடைத்துப் பார்த்தால் பாதி முட்டையில் கருவே இல்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: கேட்கலாம், ஆனால் அடை முட்டை என்று சொல்லித்தான் விற்றார் என்பதைக் காட்ட வேண்டும். அடுத்தமுறை வாங்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள்: கூட்டத்தில் ஆண் நிற்கிறதா, இட்டு ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டதா, குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததா. கோழி எழும்பினதற்கு விற்றவர் பொறுப்பில்லை. கோழி முட்டைக்கு 21 நாள், தாராவுக்கு 28, முகத்தில் சிவப்புத் தோல் உள்ள பெரிய இனத்துக்கு 35. ஒரு கோழி அணைக்கக்கூடியது ஐந்தாறு தாரா முட்டை. பன்னிரண்டில் கரைப் பக்கம் இருந்தவை குளிர்ந்துதான் இருக்கும். 18ஆம் நாளிலிருந்து தீனும் தண்ணீரும் கோழிக்குக் கிட்ட வைத்து, ஒரு நாளுக்கு ஒருக்கால் தூக்கி இறக்கி விடுங்கள். பசி தாங்காமல் எழும்பிப் போகிற கோழிகள்தான் கூட.