பழைய கணினிக்கு எந்த செஸ் எஞ்சின்?

கேள்வி: மகள் ஆடிய போட்டி ஆட்டங்களை வீட்டில் அலசிப் பார்க்க இலவச எஞ்சின் (நகர்த்தல்களைக் கணித்து மதிப்பிடும் மென்பொருள்) எது நல்லது? கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கணினிதான். – ஒரு வாசகி, கரூர்

பதில்: யோசிக்கவே வேண்டாம், ஸ்டாக்ஃபிஷ் போதும். லீலா என்ற இன்னொரு எஞ்சினும் இலவசம்தான், ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் வேகம் பிடிக்கும். ஸ்டாக்ஃபிஷுக்குத் திரையில் காட்டச் சொந்தமாகப் பலகை கிடையாது. அதனால் பலகையைக் காட்டும் லூகாஸ் செஸ் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், ஸ்டாக்ஃபிஷ் கூடவே வந்துவிடும்.

அப்புறம், சிறந்த மூன்று நகர்த்தல்களைக் காட்டும்படி வையுங்கள். என் பையனின் ஆட்டம் ஒன்றில் எஞ்சின் தந்த மதிப்பெண் முதல் நகர்த்தலுக்கு +0.4, இரண்டாவதற்கு +0.3. மிகச் சின்ன வித்தியாசம்தான். அவன் ஆடியது இரண்டாவதை. முதலாவதை மட்டும் பார்த்திருந்தால் தப்பு என்று திட்டியிருப்பேன், பாவம். எஞ்சினைத் திறக்கும் முன், எங்கே தடுமாறினாள் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள்.